திருநீற்றுக் குஞ்சு

கடைசிக் குஞ்சும் முட்டையை விட்டு வெளியே வந்த அன்று சண்முகவடிவு வேலைக்குப் போகவில்லை. மாட்டுங்காவில் அவள் சமைக்கிற வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு வரல மாமி, வீட்டுல விசேஷம்" என்றாள். என்ன விசேஷம் என்று விஜயலக்ஷ்மி மாமி கேட்பதற்குள் வைத்தும் விட்டாள். கோழி பொரித்ததற்காக ஒருத்தி லீவு போட்டாள் என்றால் மாட்டுங்காவில் யார் நம்புவார்கள்?

மருமகள் ஜெயசீலி வருகிற வரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெயசீலி வேலை பார்ப்பது வாஷிக்கு அந்தப் பக்கம் ஒரு குஞ்சு பொரிக்கும் பண்ணையில். விடியுமுன் போனால் மதியம் ஷிப்ட் முடியும். குர்லாவில் ரயில் மாறி, சயானில் இறங்கி, தொண்ணூறடி ரோட்டைத் தாண்டித் தாராவிச் சந்துக்குள் நுழையும்போது நாலு மணியாகிவிடும்.

"ஏட்டி ஜெயா, டப்பாவ அங்கன வச்சுட்டு நேரா இங்க வா. மொதல்ல கையக் கழுவு."

மாடி அறைக்கு ஏறுகிற இரும்பு ஏணிக்கு அடியில், வெட்டிய பெயிண்ட் டிரம்முக்குள் சாக்கு விரித்து அடைகாத்துக்கொண்டிருந்தது வரிக்கோழி. உடம்பெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கோழி. இரண்டு வருடம் முன்பு, கல்யாணமாகி வந்த புதிதில், மாமியாரின் மனசைப் பிடிக்க ஜெயசீலியே பண்ணையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. சீத்தா கேம்ப் சர்ச்சுக்குப் போகிற பெண்ணை மகன் கட்டிக்கொண்டான் என்று முகம் கொடுக்காமல் இருந்த சண்முகவடிவு, அந்தக் கோழி முதல் முட்டை வைத்த அன்றுதான் முதன்முதலாக அவளை "ஏட்டி" என்று கூப்பிட்டாள்.

கோழியின் இறக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள் சண்முகவடிவு.

"எட்டும் கறுப்பு. அட்டக் கறுப்பு. இந்தா, இதோட உச்சந்தலையப் பாரு."

கரித்துண்டு மாதிரி இருந்த அந்தக் குஞ்சின் உச்சியில், விரலால் தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் பொட்டு.

"திருநீறுட்டி. சுடலைமாடனே தொட்டு வச்சு அனுப்பிருக்கான். இது மாதிரி அஞ்சு. நான் கேட்டது ஒண்ணு, அவன் குடுத்தது அஞ்சு."

ஜெயசீலி குனிந்து பார்த்தாள். அவள் விரும்பாமலே அவள் கண் வேலை செய்துவிட்டது. பொட்டு இருப்பது ஐந்து, சேவல். பொட்டு இல்லாதது மூன்று, பெட்டை. பெட்டை மூன்றும் கறுப்பாகவே வளரும். சேவல் ஐந்தில் ஒன்றுகூடக் கறுப்பாக நிற்காது. இறகு முளைக்க முளைக்க ஐந்தும் தாயைப் போலவே வரிவரியாகிவிடும்.

"நல்லா இருக்கு அத்தை" என்றாள்.

அந்த ஒரு பொய்யிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இல்லை, அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

பண்ணையில் அவளுடைய வேலை பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளைப் பிரிப்பது. அங்கே முட்டைக்காக வளர்க்கிற இனத்தில் தகப்பன் செந்நிறம், தாய் வெள்ளை. அதில் பொரிகிற பெட்டைக் குஞ்சுக்குத் தகப்பனின் பழுப்புத் தூவி. சேவல் குஞ்சுக்குத் தாய் வழி வந்த வெளிறிய மஞ்சள். பழுப்பு இந்தக் கூடை, மஞ்சள் அந்தக் கூடை. மஞ்சள் கூடை எங்கே போகிறது என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. செம்பூரில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம், இப்போது விரல் நுனியில் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை நடந்தது.

சண்முகவடிவின் மகன் செல்வம் அவளைக் கண்டுபிடித்ததும் அந்தத் தூவியால்தான். வாஷியில் யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். ஒரு நாள் பிளாட்பாரத்தில் பக்கத்தில் வந்து நின்றவன், "உங்க தலைல பஞ்சு" என்றான். அவள் வேறு பக்கம் பார்த்தபடி ஏதோ பதில் சொல்ல, "என்னைப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது கம்மி. வாயைப் பாத்தாதான் கேக்கும்" என்றான். அவ்வளவு கூர்மையாகத் தன் முகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று ஜெயசீலிக்குத் தோன்றியது. கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் சாயங்காலம் அவள் தலையிலிருந்து தூவி பொறுக்குவது அவன் வேலை. "இன்னைக்கு எல்லாம் பிரவுன். அப்போ பொண்ணுங்க நிறைய" என்பான்.

அவனிடம் எதையும் மறைக்க வேண்டுமானால் அந்த வீட்டில் ஒரே வழிதான். முதுகைக் காட்டிக்கொண்டு பேச வேண்டும்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவன் கால் வீங்கியது. பிறகு முகம். ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கை நரம்பில் தடித்த ஊசி, மிஷினோடு நாலு மணி நேரம். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது.

"எங்கிட்ட ரெண்டு இருக்குல்ல. ஒண்ண எடுத்துக்கிடுங்க" என்று சண்முகவடிவு டாக்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்தார்கள். இன்னொரு முறையும் எடுத்தார்கள். பிறகு டாக்டர் வந்தனா செல்வத்தையும் ஜெயசீலியையும் மட்டும் உள்ளே அழைத்து, ஒரு காகிதத்தில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக் காட்டினார். வட்டம் பெண், சதுரம் ஆண். இது தாய் வழியில் வருகிற நோய். தாயை அது பெரும்பாலும் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகும், அவ்வளவுதான். மகனுக்கு வராமலும் போகலாம். வந்துவிட்டால் முதலில் காது, பிறகு கிட்னி. அந்த அம்மாவிடமிருந்து கிட்னி எடுப்பது அவருக்கும் ஆபத்து.

டாக்டர் பாதி படம் போடும்போதே ஜெயசீலிக்குப் புரிந்துவிட்டது. பண்ணையில் இதையே அவள் நிறத்தில் பார்த்திருக்கிறாள்.

படியிறங்கும்போது செல்வம் அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சீலி, அம்மாட்ட சொல்லாத."

"பின்ன என்ன சொல்ல?"

"நான் செத்தா தாங்கிருவா. அவளாலதான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா." கொஞ்சம் யோசித்தான். "அம்மாவுக்குச் சுகர் இருக்குன்னு சொல்லிரலாம். சுகர் இருந்தா கிட்னி எடுக்க மாட்டாங்க."

அப்படித்தான் சொன்னார்கள். சுலபமான பொய் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் சண்முகவடிவு அன்றோடு சீனியை விட்டாள். ஒரு நாளைக்குக் குடிக்கிற நாலு டம்ளர் டீயையும் கசப்பாகவே குடித்தாள். மாமி வீட்டில் பாயசம் வைத்துவிட்டு ஒரு சொட்டு நாக்கில் வைக்க மாட்டாள். பஸ்ஸில் போகாமல் மாட்டுங்காவுக்கு நடந்து போனாள். மாதம் ஒரு தடவை மெடிக்கல் கடையில் விரலைக் குத்திக்கொண்டு வந்து, சீட்டை மகனிடம் நீட்டுவாள்.

"தொண்ணூத்தாறு. கடைக்காரன் நார்மல்ங்கான். டாக்டரம்மாட்ட காட்டுலே."

"அம்மா, அது இன்னைக்கு சுகர். மூணு மாச சுகர்னு வேற இருக்கு. அது குறையணும். டென்ஷன் எடுக்காத."

"கொறையும். எம்பிள்ளைக்காக எப்படிக் கொறையாமப் போகும்?"

ஜெயசீலி அப்போதெல்லாம் எழுந்து, இல்லாத வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

சண்முகவடிவுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாப் பழியும் செத்துப்போன வெயிலுமுத்துவின் தலையில்தான். புருஷன்காரன் குடித்துக் குடித்து ரத்தத்தைக் கெடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பதினாலு வயதில் தகடு அடிக்கிற பட்டறையில் கொண்டு விட்டுக் காதையும் கெடுத்தான். சுவரில் தொங்கிய அவன் படத்துக்கு ஏழு வருடமாகப் பூ கிடையாது. தூசி தட்டுவதும் ஜெயசீலிதான்.

மனிதர்களிடம் கேட்டுத் தீர்ந்ததும் அவள் சுடலைமாடனிடம் நேர்ந்துகொண்டாள். மகன் பிழைக்க, ஆடி மாதக் கோயில் கொடையில் ஒரு கறுப்புச் சேவல் பலி. அவள் பிறந்த வீட்டுப் பழக்கப்படி அந்தச் சேவல் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது. வீட்டுக் கூரைக்கு அடியில் பொரித்து, கையால் இரை வைத்து வளர்த்ததாக இருக்க வேண்டும். மேனியில் வேறு நிறம் ஒரு இறகுகூட இருக்கக்கூடாது. "கடைல வாங்குனா அது கறி. வீட்டுல பொரிச்சாத்தான் நேர்ச்சை" என்பாள். வரிக்கோழிக்குத் துணையாக, பக்கத்துச் சந்து இட்லிக்காரர் பேச்சிராஜாவிடமிருந்து கறுப்புச் சேவலை இரவல் வாங்கி வந்தது அதற்காகத்தான்.

ஜெயசீலிக்கு இது தெரிந்தபோது கோழி அடையில் உட்கார்ந்து பத்து நாள் ஆகியிருந்தது.

சொல்லியிருக்கலாம். வேறு கோழி வையுங்கள் அத்தை என்று ஒரு வார்த்தை. ஆனால் ஏன் என்று கேட்பாள். சண்முகவடிவு எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டதில்லை. தாயின் வரி மகனுக்கு மட்டும்தான் போகும் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொன்ன பிறகு மீதியை அவளே கண்டுபிடிக்க எத்தனை நேரமாகும்?

மூன்றாவது வாரம் திருநீற்றுக் குஞ்சின் இறக்கையில் முதல் வெள்ளைக் கோடு வந்தது. அடுப்புச் சாம்பல் ஒட்டியிருக்கிறது என்று சண்முகவடிவு ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. அந்த இறகைப் பிடுங்கினாள். குஞ்சு கத்தியது. பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோட்டோடு வந்தன. தைப்பூசம் கழிவதற்குள் ஐந்து சேவலும் வரி. பொட்டில்லாத மூன்று பெட்டைகள் மட்டும் அட்டக் கறுப்பாகச் சந்தில் மேய்ந்தன.

"சேவல் சரியில்ல" என்றாள் சண்முகவடிவு. "பேச்சிராஜா சேவலுக்கு உள்ளுக்குள்ள ஏதோ கலப்பு. வெளிய தெரியல. அவங்கப்பன மாதிரி." கடைசி வார்த்தைக்கு அவள் கண் சுவர்ப் படத்துக்குப் போனது.

அடுத்த சேவலைத் தேடி அவள் சந்து சந்தாக அலைந்தாள். கடைசியில் மூன்று வீடு தள்ளி இருந்த ஃபர்ஸானாவின் சேவல் கிடைத்தது. கொண்டை மட்டும் சிவப்பு. மற்றதெல்லாம், அலகு கால் உட்பட, கறுப்பு. சண்முகவடிவு அதன் இறக்கையைத் தூக்கி, வாலைப் பிரித்து, அடி இறகெல்லாம் ஊதி ஊதிப் பார்த்தாள்.

"வடிவக்கா, மாப்பிள்ளை பாக்க வந்தவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க" என்று சிரித்தாள் ஃபர்ஸானா. "இதுக்கு மேல காலா வேணும்னா தார் டிரம்ல முக்கித்தான் எடுக்கணும்."

வரிக்கோழி மறுபடி முட்டை வைத்து அடைக்கு உட்கார்ந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. ஆடிக்குள் சேவல் கூவக்கூடச் செய்யாது. பரவாயில்லை, கறுப்பாக இருந்தால் போதும் என்று சண்முகவடிவு கணக்கைக் குறைத்துக்கொண்டாள். செல்வத்துக்கும் எல்லாம் குறைந்துகொண்டே வந்தது. மிஷினுக்கு ஊசி குத்துகிற நரம்பு ஒரு கையில் அடைத்துப்போய், மறு கைக்கு மாற்றியிருந்தார்கள். கம்பெனியில் கத்திரியைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டான். ஜெயசீலியின் ரத்த வகை சேரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயர் எங்கோ கிடந்தது.

"சீலி, இந்தத் தடவையாவது கறுப்பா வருமா?" என்று ஒரு சாயங்காலம் கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள். வராது.

"பாவம் அம்மா" என்றான். தனக்காக நேர்ந்துகொண்டது என்பதையே மறந்தவன் போல.

அன்றுதான் ஜெயசீலி அதைச் செய்ய முடிவு செய்தாள். பண்ணையில் நகுல் என்று ஒருவன் இருந்தான். தூவியைப் பார்த்துச் சொல்ல முடியாத நாட்டு இனங்களில், குஞ்சின் வாலடியைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்கிறவன். ஏணிக்கு அடியில் குஞ்சு பொரித்த அன்று, அவனிடம் கேட்டு ஒரு கறுப்புச் சேவல் குஞ்சை வாங்கினாள். காலி டப்பாவில் துணி விரித்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, வாஷியிலிருந்து சயான் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ரயில் சத்தத்தையும் மீறி அது கீச்சிட்டபோது எதிர் சீட்டுக்காரி டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாமியார் குழாயடிக்குப் போன நேரம் பார்த்துக் குஞ்சைக் கோழியின் இறக்கைக்குள் விட்டாள். பதிலுக்கு ஒரு குஞ்சை எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் அவள் போட்ட திட்டம். இறக்கைக்கு அடியில் ஒன்று அவள் விரலில் சாய்ந்து சூடாக மூச்சு விட்டது. ஒரு நாளைக்கு ஆயிரம் குஞ்சைப் பிரிக்கிற கை, அன்று அந்த ஒன்றைத் தாயிடமிருந்து எடுக்க மாட்டேன் என்றது. வெறும் டப்பாவோடு எழுந்து வந்துவிட்டாள்.

மாடியில் செல்வம் அவள் முந்தானையிலிருந்து ஒரு தூவியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னைக்குக் கறுப்பு" என்றான். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு அந்தத் தூவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்த மடித்த காகிதம் இருந்த பையில்.

மறுநாள் ஜெயசீலிக்கு லீவு. செல்வம் டயாலிசிஸுக்குப் போயிருந்தான். சண்முகவடிவு ஏணிக்கு அடியிலிருந்து கூப்பிட்டாள். குரலில் "ஏட்டி" இல்லை.

"ஜெயசீலி. இங்க வா."

சுளகில் பொரிக்காத முட்டை இரண்டு கிடந்தது. குஞ்சுகள் அரிசிக் குருணையைக் கொத்திக்கொண்டிருந்தன.

"ஒம்பது முட்ட வச்சேன். ரெண்டு கூமுட்ட, இந்தா கெடக்கு. ஏழு இருக்கணும். எட்டு நிக்கி. மாடன் ஒண்ணு கூடுதலாப் போட்டாருன்னு சொல்லாத. அவருக்கு வேற சோலி இருக்கு."

"நான்தான் அத்தை. பண்ணைல இருந்து."

"நேர்ச்சைக்கு வெளிக் குஞ்சு ஆகாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு ஏன்? நான் பொரிக்க வச்சது போதாதா? இதுலயும் மூணு பொட்டு வச்சுப் பொறந்திருக்குல்லா?"

"அதெல்லாம் வரி அடிச்சிரும் அத்தை."

"இது ஃபர்ஸானா சேவலுட்டி!"

"எந்தச் சேவலா இருந்தாலும்."

சண்முகவடிவு சுளகைக் கீழே வைத்தாள். "ஒனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"மொதல்ல பொரிச்ச அன்னைக்கே."

"அன்னைக்கே தெரியும். நான் திருநீறு, திருநீறுன்னு ஆடிட்டிருந்தேன். நீ நல்லா இருக்குன்ன. நாய் மாதிரி சந்து சந்தா சேவலத் தேடி அலைஞ்சேன், பாத்துக்கிட்டு இருந்த. உங்க கோயில்ல இதத்தான் சொல்லிக்குடுக்காங்களா?"

அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. ஜெயசீலி நிதானம் இழந்தாள். "சேவல் மேல ஒரு குத்தமும் இல்ல அத்தை! வரி சேவல்ட்ட இருந்து வரல. கோழிட்ட இருந்து வருது. அது அதோட வரிய ஆம்பளக் குஞ்சுக்குத்தான் குடுக்கும். பொட்டைக்குக் குடுக்காது. அதுக்கு அது என்ன செய்யும்? பொறப்பு அப்படி."

சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

சண்முகவடிவு கோழியைப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். உதட்டுக்குள் ஏதோ எண்ணுகிற மாதிரி இருந்தது.

"தாய்ட்ட இருந்து மகனுக்கு" என்றாள்.

கோழிக்கும் மனிதருக்கும் கணக்கு ஒன்றல்ல என்று சொல்ல ஜெயசீலி வாயெடுத்தாள். சொன்னால், மனிதரைப் பற்றி உன்னிடம் யார் கேட்டது என்று வரும். வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடிய வாயைத்தான் சண்முகவடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்காத மகனை வளர்த்தவள். உதட்டைப் படிக்க அவளுக்கும் தெரியும்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். சுப்பையா. செல்வம்கூட பாத்ததில்ல. செவிட்டுச் சுப்பையான்னுதான் ஊர்ல கூப்பிடுவாங்க. அவன் எந்தப் பட்டறைக்கும் போகல. இருவத்தாறு வயசுல மூஞ்சி வீங்கிச் செத்தான். யாரோ மருந்து வச்சுட்டாங்கன்னு எங்கம்மா கெடந்து அழுதா." நிறுத்தினாள். "எங்கம்மா கூடப் பொறந்த மாமா ஒருத்தரும் அப்படித்தான். காது கேக்காது. கண்ணாலம் ஆகுமுன்னயே போயிட்டாரு."

"அத்தை, அது வேற..."

"ஆஸ்பத்திரில எனக்கு ரெண்டு தடவ ஒண்ணுக்கு எடுத்தாங்களே. சுகருன்னா வெரல்ல குத்துனாப் போதும்ல." அவள் குரல் உயரவில்லை. "எனக்குச் சுகரே கெடையாது. அப்படித்தான?"

ஜெயசீலிக்கு அழுகை முந்திக்கொண்டது.

"சொல்லாதன்னு அவந்தான் சொன்னானா?"

தலையை ஆட்டினாள்.

சண்முகவடிவு அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள், சந்தே கூடும் என்று ஒன்றரை வருடமாக ஜெயசீலி பயந்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, வரிக்கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் முதுகை நீவினாள். கோடு கோடாக ஓடிய இறகுகளின் மேல் அவள் விரல் ஒவ்வொரு கோடாக நின்று நின்று போனது.

"ஒனக்குத் தெரியுமா பிள்ள" என்று கோழியிடம் கேட்டாள். "தெரிஞ்சா முட்டைல உக்காந்திருப்பியா? ஒனக்கு என்ன தெரியும்."

குஞ்சுகள் தாயைத் தேடி அவள் புடவைக்குள் நுழைந்தன.

"அத்தை, போன ஈட்டுக் கறுப்புப் பெட்டை இருக்குல்ல" என்றாள் ஜெயசீலி, ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்ததால். "அதுட்ட வரி கிடையாது. அது முட்டை வச்சு, ஃபர்ஸானாக்கா சேவலோட சேந்து பொரிச்சா, எல்லாம் கறுப்பாத்தான் வரும். சேவலும் கறுப்பு. நம்ம வீட்டுல பொரிச்சது."

"எப்ப?"

"அடுத்த ஆடிக்கு ஆயிரும்."

அடுத்த ஆடி. சண்முகவடிவு கோழியை மடியிலிருந்து இறக்கி டிரம்முக்குள் விட்டாள்.

நாலரைக்கு செல்வம் வந்தான். முழங்கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். உள்ளே வந்தவன் சுவரைப் பார்த்து நின்றான். வெயிலுமுத்துவின் படம் துடைத்து, ஒரு முழம் மல்லிகை போட்டிருந்தது.

"என்னம்மா இது? அப்பாவுக்குப் பூ?"

"பூக்காரி மிச்சம்னு குடுத்தா. வாடிப் போகும்லா, அதான் போட்டேன்" என்றாள் சண்முகவடிவு, அவன் முகத்துக்கு நேராக.

அவன் ஜெயசீலியைப் பார்த்தான். அவள் கண் சிவந்திருப்பதைக் கவனித்துவிட்டான். "என்ன ஆச்சு?"

"நான்தாம்லே ஏசிப்புட்டேன். வெளிக் குஞ்சக் கொண்டாந்து விட்டுருக்கா. நேர்ச்சைக்கு ஆகாதுன்னேன். வளரட்டும், அது பாட்டுக்கு." அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். பாலைப் பொங்கவிட்டு, முதுகைக் காட்டியபடியே, சாதாரணக் குரலில் சொன்னாள்: "ஜெயா, எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியக்கூடாது. கடைசி வரைக்கும். எம்மேல ஆணை."

பின்னால் செல்வம் ஏணிக்கு அடியில் குனிந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி அத்தை" என்றாள் ஜெயசீலியும் அடுப்பைப் பார்த்து.

மூன்று டம்ளர் வைத்தாள் சண்முகவடிவு. செல்வத்துக்கு டாக்டர் சொன்ன அளவில் அரை டம்ளர். ஜெயசீலி பழக்கத்தில் சீனி டப்பாவை எடுத்தவள், மாமியாரின் டம்ளருக்கு மேல் கரண்டியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். இனி எதற்கு? ஒரு கரண்டி போட்டால்தான் என்ன?

சண்முகவடிவு திரும்பினாள். மகன் நிமிர்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அவன் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, வாயைத் திறந்து சொன்னாள்.

"ஏட்டி, எனக்குச் சீனி போட்டுறாத. சுகரு இன்னும் கொறையல."

"குறைஞ்சிரும்மா" என்றான் செல்வம். "டென்ஷன் எடுக்காத."

"எனக்கென்னலே டென்ஷன்" என்றாள் அவள். கசப்பு டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள்.